வெளியூர்க் கல்

ஜூலை 14, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்திருந்தாலும் சரி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் வீட்டில் யாரிடமும் வேண்டவே வேண்டாம். பள்ளியிலும் வேண்டாம். படித்துவிட்டால் மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

இது என் இயற்பியல் ரெக்கார்டு நோட்டு. வலது பக்கம் கோடு போட்ட தாள், செய்முறை எழுதுவதற்கு. இடது பக்கம் வெற்றுத்தாள், படம் வரைவதற்கு. பின்பக்கங்களில் இடது பக்கம் எல்லாம் காலியாகவே இருக்கிறது. அங்கேதான் பென்சிலில் பொடி எழுத்தில் எழுதுகிறேன். வீட்டில் யாராவது திறந்தாலும் முதல் பக்கத்தில் தனி ஊசல் என்ற தலைப்பைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். அப்பாவுக்கு அதுவே அதிகம்.

ராத்திரி பாப்பாவுக்குப் பால் கலக்குவது என் வேலை. அதனால் பின்னறையில் விளக்கு எரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பாப்பா என் அக்கா கனகாவின் குழந்தை. அக்கா தை மாதம் இறந்துபோனாள். எட்டாவது மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மாமா போன் செய்தார். குழந்தையை எடுத்துவிட்டார்கள், அக்காவைக் காப்பாற்ற முடியவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி, தணிகைவேல். அக்காவை அவருக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள்.

இன்று மத்தியானம் அம்மாவும் அப்பாவும் சமையலறையில் பேசியது காதில் விழுந்தது. பாப்பாவுக்கு ஒரு அம்மா வேண்டும், வேறு வீட்டுப் பெண் வந்தால் கொடுமைப்படுத்துவாள் என்று அம்மா சொன்னாள். அப்பா, ஆடி போகட்டும் என்றார்.

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு நடக்கிறது. ஆடி இந்த வாரம் பிறக்கிறது.

ஜூலை 19, சனி

இன்று சிறப்பு வகுப்பு என்று பொய் சொல்லாமலே பள்ளிக்குப் போனேன், உண்மையிலேயே இருந்தது. மாவட்ட அறிவியல் போட்டிக்கு என்னையும் என் வகுப்பு ஜெபசீலியையும் இயற்பியல் புருஷோத்தமன் சார் தேர்ந்தெடுத்திருக்கிறார். மலை மேலே இருக்கிற ஒரு தொலைநோக்கியில் எடுத்த படங்களைப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு ஒரு குறுங்கோள் வந்திருக்கிறது. அதற்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். நாங்கள் எங்கள் கல் என்று சொல்கிறோம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இப்படி லட்சக்கணக்கான கற்கள் சுற்றுகின்றன. எல்லாம் அங்கேயே பிறந்தவை இல்லை. சூரியனுக்குப் பக்கத்தில் பிறந்தவை வெளிறிய பாறைக் கல்லாக இருக்கும். தூரத்தில், குளிரில் பிறந்தவை கரி கலந்து கறுப்பாக இருக்கும், தண்ணீர் ஊறிய மண் மாதிரிப் பொருளும் அதில் இருக்கும். ஆதிகாலத்தில் பெரிய கோள்கள் இடம் நகர்ந்தபோது இரண்டையும் கலைத்துப் போட்டுவிட்டன. இப்போது ஒரு கல் எங்கே சுற்றுகிறது என்பதை வைத்து அது எங்கே பிறந்தது என்று சொல்ல முடியாது. அதன் நிறமாலையைப் பார்க்க வேண்டும். எங்கள் கல் உள்பக்கத்து ஓரத்தில் சுற்றுகிறது.

கல்லுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் பார்க்கிறோம். அதனால் சூரியன் போலவே இருக்கிற ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையையும் அன்றைக்கே எடுத்து, கல்லினுடையதை அதனால் வகுக்க வேண்டும். சேலைக் கடையில் டியூப்லைட்டில் பார்த்தால் நிறம் தெரியாது என்று வாசலுக்கு எடுத்துப் போய் அம்மா பார்ப்பாளே, அதுதான் இது. கடை வெளிச்சத்தைக் கழித்துவிட்டு சேலையின் நிறத்தை மட்டும் பார்ப்பது.

வகுத்தோம். வரைபடத்தில் கோடு சிவப்புப் பக்கம் ஏறிக்கொண்டே போனது. சாதாரணப் பாறைக் கல். பிறந்த இடத்திலேயே சுற்றுகிறது. சார் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "ப்ச், உள்ளூர்க் கல்லுதான்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இந்த வருடமாவது நிர்வாகம் தன்னை நிரந்தரமாக்க வேண்டுமே என்று ஆய்வகத்து அக்காவிடம் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஆட்டினேன்.

ஜூலை 22, செவ்வாய்

அதிசயம். நாங்கள் முதலில் எடுத்த நட்சத்திரத்தின் மேல் அன்றைக்கு மேகம் ஓடியிருக்கிறது, பதிவுத் தாளில் அப்படி எழுதியிருக்கிறது என்று சார் சொன்னார். ஃபைலில் இன்னொரு நட்சத்திரமும் இருந்தது. மேகம் பட்டதை வைத்து வகுக்கக் கூடாது, இதை வைத்து வகுங்கள் என்றார். வகுத்தோம். கோடு படுத்துவிட்டது. கரிக் கல்லின் கோடு அப்படித்தான் தட்டையாக இருக்கும்.

எங்கள் கல் வெளியே இருந்து வந்தது! வியாழனுக்கு அந்தப் பக்கம் குளிரில் பிறந்து, எத்தனையோ கோடி வருடத்துக்கு முன்னால் கிளம்பி, இங்கே வந்து இந்த வெளிறிய கற்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜெபசீலி ஸ்டூல் மேல் ஏறி ஆடினாள். சார் திட்டவில்லை.

நான் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்த இடத்தை விட்டு அவ்வளவு தூரம் வர ஒரு கல்லால் முடிந்திருக்கிறது.

ஜூலை 23, புதன்

பாப்பாவுக்குக் காய்ச்சல். தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மாமா வந்திருந்தார். திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் வேலை, மாதக்கணக்கில் வடக்கே போய்விட்டு வருவார். வரும்போது காதுமடல் பின்னால் கூடக் கல் மாவு வெள்ளையாக ஒட்டியிருக்கும். அம்மா அவருக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், எல்லாம் செய்தோம். அம்மா மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். எனக்கும் ஒரு கயிறு கட்ட வந்தாள், நான் பாப்பா அழுகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

சாப்பிடும்போது அப்பா பேச்சுக்கு, இவள் ஏதோ கல் ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னார். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கல்லப் பாத்து எங்க பொறந்துதுன்னு கண்டுபுடிக்கிறீங்களாக்கும்? நானும் தெனம் கல்லுலதான் கெடக்கறேன். அது எங்க பொறந்தா என்ன புள்ள, தொளை போடற பிட்டு எறங்கினா மாவுதான்."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் அப்பளம் எடுக்க எழுந்தேன். மாமா இலையை மடித்துவிட்டு அம்மாவிடம், ஆவணியில் முடித்துவிடலாம் அக்கா, நானும் எத்தனை நாள் ஓட்டல் சோறு சாப்பிடுவது என்றார். படிப்பு என்று அம்மா பாதி சொல்லி நிறுத்தினாள்.

போன வருடம் இதே நாளில் அக்கா வந்திருந்தாள். வயிறு அப்போது தெரியவில்லை. முகத்தில் அவ்வளவு பவுடர் போட்டிருந்தாள். அக்கா மாநிறம்தான், ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் அவள் பவுடரே போட மாட்டாள். இடது கன்னத்தில் திட்டாக இருக்கிறது, சரியாகத் தேய் என்றேன். கையைத் தட்டிவிட்டாள்.

கல்யாணம் ஆனவர்கள் கொஞ்சம் அலங்காரம் செய்துகொள்வார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாவட்டத்தில் முதல் பரிசு!

நான் அழுதுவிட்டேன். அரூர் நிருபர் ஒருவர் வந்து எங்களைத் திரைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். வேற்றிடக் கல்லைக் கண்டுபிடித்த கிராமத்து மாணவிகள் என்று போடுவாராம். அடுத்தது மாநிலப் போட்டி, சென்னையில்.

சாயங்காலம் சாரிடம் மட்டும் சொன்னேன், ஆவணியில் எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று. சார் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா அப்போதுதான் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லிலிருந்து வந்து, கையில் மாவோடு நின்றுகொண்டிருந்தார். பேப்பரில் படம் வரப்போகிறது, மாவட்ட அதிகாரிகளே கேட்கிறார்கள், இந்த நேரத்தில் கல்யாணம் செய்தால் கேஸ் ஆகிவிடும், மாநிலப் பரிசு வாங்கினால் கல்லூரிப் படிப்பு முழுக்க இலவசம் என்று சார் அடுக்கினார். அப்பாவுக்கு பேப்பர் என்றதும் ஒரு நிமிர்வு வந்தது. தை வரைக்கும் பார்க்கலாம், பிள்ளை ஜெயிக்கிற வரைக்கும் ஜெயிக்கட்டும் என்றார்.

அம்மா மாமாவுக்குப் போன் செய்து சொன்னாள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

ஒரு கல் எனக்காக ஆவணியைத் தள்ளிப் போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். தலைமையாசிரியை எங்களுக்குச் சால்வை போட்டார். சாருக்கும் போட்டார். நிர்வாகி பேசும்போது, திறமையான ஆசிரியர்களை நாங்கள் கைவிட மாட்டோம் என்றார். சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிட்டாயைப் பாப்பாவுக்கு நக்கக் கொடுத்தேன், அம்மா திட்டினாள்.

ஆகஸ்ட் 20, புதன்

மாநிலப் போட்டிக்கு வழிகாட்ட இன்று பெங்களூரிலிருந்து மைதிலி மேடம் என்பவர் கம்ப்யூட்டரில் எங்களோடு பேசினார். குறுங்கோள்களையே வேலையாகப் படிப்பவர். நல்ல தமிழ், நடுநடுவே சிரிப்பு. நான் பயந்த மாதிரி இல்லை.

ஒப்பிட்ட நட்சத்திரம் எது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார், சூரியன் மாதிரியான நட்சத்திரம்தான் மேடம் என்றார். அன்றைக்கு வானம் எப்படி என்று கேட்டதற்கு ஜெபசீலி, மேகம் இருந்ததாம் என்று உளறினாள்.

"மெல்லிய மேகம்னா பயப்படாதீங்கம்மா. வெளிச்சம்தான் குறையும். எல்லா நிறமும் ஒண்ணாத்தான் குறையும், கோடு சாயாது."

சார் குனிந்து ஸ்பீக்கர் வயரைச் சரிசெய்தார். வயர் நன்றாகத்தான் இருந்தது.

நிறமாலை மட்டும் போதாது, கல்லின் வெளிச்சத்தையும் பாருங்கள் என்று மேடம் சொல்லிக் கொடுத்தார். ஒரு கல் வானத்தில் மங்கலாகத் தெரிந்தால் அது சின்ன வெள்ளைக் கல்லாக இருக்கலாம், பெரிய கறுப்புக் கல்லாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. சூட்டை அளந்தால் தெரிந்துவிடும். மத்தியானத்தில் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடப்பதும் மணலில் நடப்பதும் ஒன்றா? கறுப்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், வெள்ளை திருப்பி அனுப்பிவிடும். விண்வெளியிலிருந்து இந்தச் சூட்டை அளந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள். கரிக் கல் என்றால் வெளிச்சத்தில் ரொம்பக் கொஞ்சம்தான் திருப்பும். "உங்க கல்லு அதுல இருக்கான்னு தேடிப் பாருங்க. இருந்தா இன்னும் பலமா நின்னு பேசலாம்" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தேடினேன். இருக்கிறது.

எங்கள் கல் வெளிச்சமானது. வருகிற வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கரிக் கல்லால் அது முடியவே முடியாது.

எண்ணைத் தப்பாக அடித்திருப்பேன் என்று திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். பிறகு பதிவுத் தாளைத் திறந்தேன். அதை இதுவரை நாங்கள் யாரும் படித்ததில்லை, சார்தான் படித்துச் சொல்வார். முதல் நட்சத்திரத்துக்கு நேரே, சூரியன் மாதிரி, மெல்லிய மேகம் என்று இருந்தது. இரண்டாவதற்கு நேரே, ஆரஞ்சு நட்சத்திரம், தொலைநோக்கியின் குவியம் சரிபார்க்க மட்டும் எடுத்தது என்று இருந்தது.

சூரியனை விடச் சிவந்த நட்சத்திரத்தால் வகுத்தால் எந்தக் கல்லின் சிவப்பும் போய்விடும். கோடு படுத்துவிடும். மஞ்சள் பல்பின் கீழே மஞ்சள் சேலை வெளுத்துத் தெரிகிற மாதிரி.

சார் கவனிக்காமல் விட்டிருப்பார். அவருக்கு எவ்வளவு வேலை. நாளைக்குச் சொன்னால் போதும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொன்னேன். ஜெபசீலி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சொன்னேன். சார் ஆய்வகத்தின் கதவைப் பாதி சாத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி முழுக்கத் திறந்து வைத்தார்.

"அந்தப் பதிவுத் தாளை நான் படிக்காம இருப்பேன்னு நினைக்கிறியா?" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"உள்ளூர்க் கல்லுன்னா எந்தப் பேப்பர்காரன் வருவான் இலக்கியா? உங்கப்பா முன்னாடி வந்து கை கட்டி நின்னது யாரு? உன் கல்யாணம் தை மாசத்துக்குப் போச்சே, எதனால போச்சு? சொல்லணும்னா தாராளமா சொல்லு. மொதல்ல உங்கப்பாகிட்ட சொல்லு."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். பிறகு தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

சார் எனக்காகத்தான் செய்திருக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். என் கல்யாணப் பேச்சு அவருக்குத் தெரிந்தது போட்டி முடிந்த அன்றைக்குத்தான். நட்சத்திரத்தை மாற்றியது அதற்கு முன்னால். எது முதலில், எது பின்னால் என்று நான் யோசிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வடாம் காய வைத்தோம், மழை வந்து நனைத்துவிட்டது.

பேசாமல் இருந்தால் என்ன? அந்தக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதை நாங்கள் கறுப்பு என்றாலும் வெள்ளை என்றாலும் அது பாட்டுக்குச் சுற்றும். சென்னைக்குப் போகலாம், பரிசு வாங்கலாம், பன்னிரண்டாவது முடிக்கலாம், அதற்குள் பதினெட்டு ஆகிவிடும். அக்காவிடம் யாராவது இப்படி ஒரு கல்லைக் கொடுத்திருந்தால் அவள் பேசாமல்தான் இருந்திருப்பாள்.

பக்கத்து வீட்டு அக்கா பாப்பாவைப் பார்க்க வந்தாள். கனகா எப்படி விழுந்தாள் என்று அவள் கேட்க, மாடிப்படியில் கால் தடுக்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். மாமா வீட்டில் மாடியே கிடையாது. அம்மா துக்கத்தில் மாற்றிச் சொல்லியிருப்பாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மைதிலி மேடம் பள்ளிக்கு மெயில் அனுப்பியிருந்தார். பெரிய தொலைநோக்கியில் தனக்கு ஒதுக்கியிருக்கிற நேரத்தில் ஒரு பகுதியை எங்கள் கல்லுக்குத் தருகிறாராம். தன் சொந்த வேலையைக் குறைத்துக்கொண்டு. நீங்கள் கண்டுபிடித்ததை நாம் சேர்ந்து உறுதிப்படுத்துவோம், மூல ஃபைல்கள் எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். சார் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

முதல் நட்சத்திரத்தின் ஃபைலை அழித்துவிடு, பதிவுத் தாளையும் அழித்துவிடு, மிச்சத்தைப் பொட்டலமாக்கி வை, நாளைக்கு விநாயகர் சதுர்த்தி லீவு, நாளன்றைக்கு நான் அனுப்புகிறேன் என்றார். அவரே அழித்திருக்கலாம். என்னைத்தான் சொன்னார்.

சுட்டியை ஃபைலின் மேல் வைத்தேன். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அக்கா இறந்த பிறகு மாமா அவளுடைய போனைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். ஒரு போட்டோ இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. புதுப் போன் மாதிரி இருந்தது. ஏன் மாமா என்று கேட்டதற்கு, பார்த்துப் பார்த்து அழுவீர்கள் என்றுதான் என்றார். அக்கா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியது அந்தப் போனிலிருந்துதான். அப்பா போனுக்கு வந்ததை நான் கேட்பதற்குள் அவளே அழித்திருந்தாள்.

நான் வேண்டாம் என்று அழுத்தினேன். சார் மணியடிக்கப் போன நேரத்தில் எல்லா ஃபைலையும், பதிவுத் தாளையும் சேர்த்துப் பள்ளி மெயிலிலிருந்தே மேடத்துக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: மேடம், நாங்கள் குவியம் பார்க்கும் நட்சத்திரத்தால் வகுத்துவிட்டோம். கல் வெளிச்சமானது. அது உள்ளூர்க் கல். உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். இலக்கியா, பதினொன்றாம் வகுப்பு.

பால் பவுடரைக் கீழே கொட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

கொழுக்கட்டை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நான் அனுப்பிய மெயிலை சார் நேற்றே பார்த்துவிட்டார். தலைமையாசிரியை அப்பாவை வரச் சொல்லியிருந்தார். மில்லில் அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பா வந்தார். நான் கதவோரம் நின்றேன்.

மாணவி ஒருத்தியின் கவனக்குறைவால் தவறு நடந்துவிட்டது, பள்ளி தானாகவே முன்வந்து போட்டியிலிருந்து விலகுகிறது என்று கடிதம் தயாராக மேசை மேல் இருந்தது. நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது இலக்கியா என்று சார் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். ஜெபசீலி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாரைப் பார்த்து, சார், என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அப்பா தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தார்.

"விடு சாமி. நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வியாழக்கிழமை முகூர்த்தம். மலையடிவாரக் கோயிலில், விடிவதற்கு முன்னால். பத்திரிகை இல்லை, பந்தல் இல்லை. பதினெட்டு ஆனதும் ஊரைக் கூட்டிச் செய்யலாமாம். பள்ளிக்கு இனிமேல் போக வேண்டாமாம். அக்காவின் கூறைப்புடவையை அம்மா பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள்.

பாடப் புத்தகத்தின் பின்னட்டையில் உதவி எண் போட்டிருக்கிறது. போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை அப்பாவின் மேல் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெபசீலி வந்தாள். இலக்கியாவின் நோட்டுகளை வாங்கிப் போக வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில் துளசிச் செடிப் பக்கம் நின்று வேகமாகப் பேசினாள்.

மைதிலி மேடம் பதில் போட்டிருக்கிறாராம். தன் தப்பைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன மாணவியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன், கல் எங்கே பிறந்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை, டிசம்பர் விடுமுறையில் இந்தப் பெண்ணைப் பெங்களூருக்கு வரவழைக்கிறேன், செலவு எங்களுடையது என்று. ஜெபசீலி முழுக்கப் படித்திருக்கிறாள்.

"சார் என்ன சொன்னாரு?" என்றேன்.

"பதில் போட்டுட்டாருடி. அந்த மாணவி படிப்பை நிறுத்திட்டாங்கன்னு."

அது நேற்று. நேற்று நான் வகுப்பில் இல்லை, அவ்வளவுதானே. பெயர் இன்னும் வருகைப் பதிவேட்டில் இருக்கும்.

உதவி எண்ணுக்கு நீ பேசு என்றேன். எங்கப்பா கொன்னே போட்டுடுவாரு என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. போகும்போது, நாளன்றைக்குக் காலையில் பால் வாங்க இந்தப் பக்கம் வருவேன், ஏதாவது கொடுப்பதாக இருந்தால் காம்பவுண்டு பக்கம் போடு என்றாள்.

ரெக்கார்டு நோட்டை மட்டும் நான் அவளிடம் கொடுக்கவில்லை. எழுத வேண்டியது இன்னும் இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

மாமா வந்துவிட்டார். லாரியைத் தெருமுனையில் நிறுத்தியிருக்கிறார். சாயங்காலம் அம்மா எனக்கு மருதாணி வைத்தாள், வைத்துக்கொண்டே அழுதாள். ஏன் அழுகிறாய் என்றால் கனகா ஞாபகம் என்றாள். பிறகு, அவன் நல்லவன்தான், கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் விலகி நின்றுகொள் என்றாள். பவுடர் டப்பாவை என் பெட்டிக்குள் அவளே வைத்தாள்.

பாப்பா தூங்குகிறது. அதன் கால் என் மடியில் இருக்கிறது.

நான் அந்தக் கல்லைப் பற்றி நினைக்கிறேன். எங்கோ பிறந்து, குளிரிலும் இருட்டிலும் அவ்வளவு தூரம் வந்தது என்று எல்லோரும் கைதட்டினோம். அது எங்கேயும் போகவில்லை. பிறந்த இடத்திலேயே, அதே வட்டத்தில், அன்றிலிருந்து இன்று வரைக்கும். வேறு வெளிச்சத்தில் காட்டினதால் கொஞ்ச நாள் வேறு மாதிரித் தெரிந்தது.

ஜெபசீலி, விடிகாலையில் இந்த நோட்டைக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுவேன். மழை வந்தால் நனையாமல் இருக்கப் பால் பவுடர் கவரில் சுற்றியிருப்பேன்.

ஆரம்பத்தில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அதை இப்போது அடித்துவிட்டேன். காட்டு. மைதிலி மேடத்திடம் காட்டு. பின்னட்டையில் இருக்கிற எண்ணுக்குப் போன் செய்து, வருகிறவர்களிடம் காட்டு. நான் படிப்பை நிறுத்தவில்லை என்று சொல். முதல் நட்சத்திரம்தான் சரியானது என்று சொல்.

இன்னொன்றும் சொல். மாமா வீட்டில் மாடி கிடையாது. அக்கா அந்தக் குரல் பதிவை அனுப்பியது அவள் விழுந்த அன்றைக்குக் காலையில். கேட்பதற்குள் அழித்திருந்தாள் என்று முன்னால் எழுதியது பொய். அவள் அழிப்பதற்குள் நான் அதைக் கேட்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்ட மாட்டாள், பெயர் சொல்லித்தான் கூப்பிடு